அவரைப் பந்தலில் ஒரு பங்குக் கணக்கு

ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அவரை, மார்கழிப் பனியில் பூக்கத் தொடங்குகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கொல்லைப்புறம் உள்ள வீடுகள் பலவற்றில் ஓர் அவரைப் பந்தலோ, சுரைப் பந்தலோ, நான்கு கத்தரிச் செடிகளோ இருக்கும். பூங்கொத்து வெளிவந்த சில நாட்களுக்குள் அதன் காம்பில் கரிய புள்ளிகள் நெருக்கமாக அப்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவையே அசுவினிகள். செடிப்பேன் என்றும் சொல்வார்கள். ஊசி போன்ற வாயைக் காம்பில் குத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பிஞ்சு சுருங்கிப் போகும்.

இந்நிலையில் வீட்டில் என்ன செய்வார்கள்? வயலுக்கு வாங்கிய மருந்தில் மீதி இருக்கும். அதில் ஒரு மூடி எடுத்து ஒரு வாளி நீரில் கலந்து தெளித்துவிடுவார்கள். இரண்டே நாளில் பந்தல் சுத்தமாகிவிடும். ஆனால் இரண்டு மூன்று வாரங்கள் கழித்துப் பார்த்தால், முன்பு ஒரு கொத்தில் இருந்த அசுவினி இப்போது பத்துக் கொத்துகளில் இருக்கும். 'மருந்து சரியில்லை' என்று சொல்லி, அடுத்த முறை இரண்டு மூடி ஊற்றுவார்கள்.

மருந்து சரியில்லை என்பது உண்மையா? அல்லது இதற்கு வேறு காரணம் உண்டா? இக்கேள்விக்கு விடை சொல்லத் தாவரவியல், விலங்கியல் மட்டும் போதாது. கொஞ்சம் கணக்கும் வேண்டும். பயப்படவேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முப்பது நாள் கணக்கு

அசுவினி ஒரு வியப்பான பூச்சி. நம் நாட்டு வெப்பநிலையில் பெண் அசுவினிகள் ஆணின் துணையின்றியே இனம் பெருக்கும். முட்டையும் இடுவதில்லை, நேராகக் குட்டிகளையே ஈனும். ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் அக்குட்டிகளும் தாயாகிவிடும். எதிரிகளே இல்லாமல், தீனியும் குறையாமல் இருக்கும் இடத்தில் இரண்டு நாட்களுக்கு ஒரு முறை அவற்றின் எண்ணிக்கை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அசுவினி இரண்டாம் நாள் 2, நான்காம் நாள் 4, ஆறாம் நாள் 8 என்று பெருகும். முப்பதாம் நாள் எத்தனை? இரண்டைப் பதினைந்து முறை பெருக்கவேண்டும். விடை 32,768. அறுபதாம் நாள் நூறு கோடியைத் தாண்டிவிடும்!

ஆனால் எந்தப் பந்தலிலும் நூறு கோடி அசுவினிகளைக் கண்டவர் இல்லை. எனவே, யாரோ அவற்றை இடைவிடாது குறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெளிவு. அவர்கள் யார்?

பந்தலின் காவலர்கள்

முதற்காவலர் பொறிவண்டு. செம்மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் அரைப் பட்டாணியைப் போன்ற முதுகு. அதில் கரும்புள்ளிகளோ நெளிகோடுகளோ இருக்கும். வளர்ந்த வண்டு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 அசுவினிகளைத் தின்னும். அதன் இளம்புழுவோ இன்னும் பெருந்தீனிக்காரன். கரிய உடலும், முதுகில் சிறு முட்களும், ஆறு கால்களும் கொண்டு, பார்வைக்குக் குட்டி முதலை போல இருக்கும். இந்த உருவத்தைக் கண்டு, 'ஏதோ புழு' என்று நசுக்கிவிடுகிறவர்கள் பலர். தம் காவல்காரனைத் தாமே கொன்றவர்கள் ஆகிறார்கள்!

இங்கே ஓர் எச்சரிக்கை. கத்தரி இலையில் காணப்படும் புள்ளி வண்டு ஒன்று உண்டு. அதுவும் பொறிவண்டின் உறவினம்தான்; ஆனால் அது இலையைச் சுரண்டித் தின்னும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. நல்ல வண்டின் முதுகு மெருகேற்றியது போல மின்னும். இலை தின்னும் வண்டின் முதுகில் நுண்ணிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும், புள்ளிகளும் மிகுதி. இலை, சல்லடை போல அரிக்கப்பட்டிருந்தால் அதன் வேலை என்று கொள்ளலாம்.

இரண்டாமவர் கண்ணாடி இறக்கைப் பூச்சி. பச்சை உடலும் வலைபோன்ற இறக்கைகளும் கொண்டது. இது முட்டையிடும் முறை பார்க்கத் தக்கது. இலையில் மயிரிழை போன்ற ஒரு காம்பை நிறுத்தி, அதன் நுனியில் ஒரு முட்டையை வைக்கும். எறும்புக்கும் எட்டாது, முதலில் பொரித்த தன் உடன்பிறப்பின் வாய்க்கும் எளிதில் எட்டாது!

மூன்றாமவர் ஒட்டுண்ணிக் குளவி. கொட்டுகிற குளவி அன்று. கடுகில் பாதிகூட இல்லாத சிற்றுயிர். இது அசுவினியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். உள்ளே பொரித்த புழு அசுவினியைத் தின்று வளர்ந்து, முதுகில் வட்டமாக ஓட்டை போட்டுக் குளவியாக வெளியே பறந்துவிடும். கொத்தில் பழுப்பாக உப்பி, அசையாமல் ஒட்டிக்கிடக்கும் அசுவினிகள் தென்பட்டால், அக்குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இவர்களோடு கும்பிடுபூச்சி, சிலந்தி, தட்டான், ஓணான், தேரை, கரிச்சான் குருவி, மைனா எல்லோரும் சேர்ந்ததே கொல்லையின் காவற்படை.

எதிர்க்கட்சியிலும் ஒருவர் உண்டு: எறும்பு. அசுவினி உறிஞ்சிய சாற்றில் மிஞ்சும் சர்க்கரை நீரைப் பின்புறமாக வெளியேற்றும். அதை நக்குவதற்காக எறும்புகள், மாடு மேய்ப்பதுபோல அசுவினிகளைக் காத்து நிற்கும்; பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். ஆகவே பந்தற்காலில் எறும்புச் சாரை ஏறுவதைத் தடுத்தாலே, காவலர்களுக்குப் பாதி வழி திறந்துவிட்டது போலாகும். பந்தற்காலைச் சுற்றி விளக்கெண்ணெயில் தோய்த்த துணி ஒன்றைக் கட்டிவைப்பது எளிய தடை. துணியைக் காலில் கட்டவேண்டுமே தவிர, கொடியின் தண்டில் கட்டக்கூடாது.

அட்ரியாட்டிக் கடலில் கிடைத்த விடை

மருந்தடித்த பிறகு பூச்சி கூடுவது ஏன் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கான விடை முதலில் கிடைத்தது தோட்டத்தில் அன்று. இத்தாலி நாட்டுக் கடலோர மீன் சந்தைகளில்!

முதல் உலகப்போர் 1914 முதல் 1918 வரை நடந்தது. அக்காலத்தில் அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்துபோயிற்று. உம்பெர்த்தோ தாங்கோனா என்ற உயிரியல் அறிஞர், போருக்கு முன்னும், போரின்போதும், பின்னும் சந்தைக்கு வந்த மீன்களின் கணக்கை ஆராய்ந்தார். ஃபியூமே என்ற துறைமுகத்தில், சுறா, திருக்கை போன்ற இரைதின்னும் மீன்களின் பங்கு 1914-இல் ஏறத்தாழ 12 விழுக்காடு. 1918-இலோ 36 விழுக்காடு! மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீன்களும் அல்லவா பெருகவேண்டும்? சுறாவின் பங்கு மட்டும் மும்மடங்கானது ஏன்?

தாங்கோனா இக்கேள்வியை வீட்டோ வோல்ட்டெர்ரா என்பவரிடம் கொண்டு சென்றார். வோல்ட்டெர்ரா ரோம் நகரில் கணித இயற்பியல் பேராசிரியர். பிற்காலத்தில் தாங்கோனாவின் மாமனாரும் ஆனார். இரையும் இரைதின்னியும் ஒன்றையொன்று கூட்டிக் குறைப்பதைச் சமன்பாடுகளாக எழுதி, 1926-இல் அவர் வெளியிட்டார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா என்பவரும் இதே சமன்பாடுகளைத் தனியாகக் கண்டிருந்தார். எனவே இவை லோட்கா–வோல்ட்டெர்ரா சமன்பாடுகள் எனப்படுகின்றன.

சமன்பாடுகள் சொல்லும் செய்தி இதுதான். இரை பெருகினால் இரைதின்னி பெருகும். இரைதின்னி பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் இரைதின்னி பட்டினியால் குறையும். அதனால் மீண்டும் இரை பெருகும். இரண்டும் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஊஞ்சலுக்கு ஒரு நடுநிலை உண்டல்லவா? அதுபோல இவ்விரண்டின் எண்ணிக்கைக்கும் ஒரு சராசரி உண்டு. அச்சராசரியைக் கண்டுபிடிப்பது மிக எளிது.

பந்தலுக்குக் கணக்கைக் கொண்டுவருவோம்

சுறாவுக்குப் பதில் பொறிவண்டு, சிறு மீனுக்குப் பதில் அசுவினி என்று கொள்வோம். கணக்கு எளிதாக வரும்படி சில எண்களைத் தேர்ந்துகொள்வோம்.

எதிரி இல்லாவிட்டால் அசுவினி நாளொன்றுக்கு 30 விழுக்காடு பெருகுகிறது. பந்தலில் உள்ள ஒவ்வொரு பொறிவண்டும் அசுவினிகளில் நாளொன்றுக்கு 2 விழுக்காட்டைக் குறைக்கிறது. அசுவினி கூடாமலும் குறையாமலும் நிற்க எத்தனை வண்டுகள் வேண்டும்? 30-ஐ 2-ஆல் வகுத்தால் 15 வண்டுகள்.

இனி வண்டின் பக்கம். இரை இல்லாவிட்டால் வண்டுகள் நாளொன்றுக்கு 10 விழுக்காடு குறைகின்றன. பந்தலில் உள்ள ஒவ்வொரு 100 அசுவினிக்கும் வண்டுகள் 5 விழுக்காடு பெருகுகின்றன. வண்டு கூடாமலும் குறையாமலும் நிற்க எத்தனை அசுவினிகள் வேண்டும்? 10 விழுக்காட்டு இழப்பை ஈடுசெய்ய, 5 விழுக்காடு தரும் நூறுகள் இரண்டு வேண்டும். அதாவது 200 அசுவினிகள்.

ஆக, பந்தலின் சராசரி: வண்டு 15, அசுவினி 200. இங்கு ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வண்டின் எண்ணிக்கையை முடிவுசெய்தது அசுவினியின் பெருக்கம். அசுவினியின் எண்ணிக்கையை முடிவுசெய்ததோ வண்டின் இறப்பு!

இப்போது மருந்து தெளிப்போம். அது நல்லது கெட்டது பார்க்காது. அசுவினி, வண்டு இரண்டிலும் சராசரியாக நாளொன்றுக்கு 6 விழுக்காட்டைக் கொல்கிறது என்போம். அசுவினியின் பெருக்கம் 30-இலிருந்து 24-ஆகக் குறையும். அதைத் தடுத்து நிறுத்த 12 வண்டுகளே போதும். வண்டின் இழப்போ 10-இலிருந்து 16-ஆகக் கூடும். அதை ஈடுசெய்ய எத்தனை அசுவினிகள் வேண்டும்? 16-ஐ 5-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். விடை 320!

அதாவது, மருந்தடித்த பந்தலில் வண்டு 15-இலிருந்து 12-ஆகக் குறைந்தது. அசுவினி 200-இலிருந்து 320-ஆகக் கூடியது. பூச்சியைக் கொல்ல வாங்கிய பொருள் பூச்சியைப் பெருக்கியிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்பதால் அன்று. இரு பக்கமும் ஒன்றுபோல வேலை செய்ததால்தான். கடலில் மீன்பிடிப்பு நின்றபோது சுறாவின் பங்கு கூடியதும் இதே கணக்கின் மறுபக்கமே. வலை என்பது சுறா, சிறுமீன் இரண்டையும் ஒன்றுபோல வாரும் 'மருந்து' அல்லவா?

இனி, மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று செய்வோம். வண்டுகள் சாகாமல் பார்த்துக்கொள்வோம். கொல்லையில் கொத்தமல்லியும் சோம்பும் ஓரிரண்டு செடிகள் பூக்கட்டும். இரை குறைந்த நாட்களில் வண்டும் குளவியும் அப்பூக்களின் மகரந்தத்தையும் தேனையும் உண்டு உயிர் தாங்கும். சருகை எரிக்காமல் ஒரு மூலையில் குவித்து வைப்போம். ஒண்டுவதற்கு இடம் கிடைக்கும். இவற்றால் வண்டின் இழப்பு 10-இலிருந்து 8 ஆனது என்று வைத்துக்கொண்டால், அசுவினி எவ்வளவு? 8-ஐ 5-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 160. ஒரு துளி நஞ்சும் இல்லாமல் 200 என்பது 160 ஆயிற்று.

இக்கணக்கு தரும் இன்னொரு பாடமும் உண்டு. அசுவினியைச் சுழியாக்க முடியாது. சுழியாக்கினால் வண்டுகள் பட்டினி கிடந்து போய்விடும்; பிறகு வெளியிலிருந்து பறந்து வரும் முதல் அசுவினிக்குத் தடையே இராது. முன்பு பார்த்த முப்பது நாள் கணக்கு அன்றே தொடங்கிவிடும். ஆகவே காவற்காரனுக்குக் கூலி கொடுத்தாகவேண்டும். அக்கூலிதான் பந்தலில் நாம் விட்டுக்கொடுக்கும் பங்கு. பந்தலுக்குச் சற்றுத் தள்ளித் தட்டைப்பயறு நான்கு செடி விதைத்தால், அதில் அசுவினி விரும்பி ஏறும். வண்டுகளும் அங்கேயே பெருகிப் பந்தலுக்கு வரும். கூலியை அவரைக்குப் பதில் தட்டைப்பயற்றில் கொடுத்ததாகக் கொள்ளலாம்.

உண்மைப் பந்தல், இந்தக் கணக்கைவிடச் சிக்கலானது. மழை பெய்யும், வண்டு அடுத்த கொல்லைக்குப் பறந்துவிடும், ஓர் இரைக்குப் பத்து எதிரிகள் இருப்பர். எனினும் கணக்கின் மையக்கருத்தைப் பல நாடுகள் பட்டறிந்திருக்கின்றன.

வயலில் நடந்தவை

இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் பூச்சி அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகிற்று. காரணம், அதைத் தின்னும் சிலந்தி முதலியவை முதலில் மடிந்தன. 1986-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஆணையிட்டது. விளைச்சல் குறையவில்லை.

நம் மாநிலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என ஒன்றையும் விடாமல் வெள்ளை மாவுபோல மூடியது. அதன் எதிரிகள் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டதால், இங்கே தடையில்லாமல் பெருகிற்று. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம், 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அதன் எதிரிகளான ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. மருந்தால் அடங்காத மாவுப்பூச்சி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அச்சிறு குளவியால் அடங்கியது.

எதிரி இல்லாத பூச்சி என்ன செய்யும் என்பதை 2018-இல் நம் இரு மாவட்டங்களும் கண்டன. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு அவ்வாண்டு மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. சில மாதங்களுக்குள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளக் காடுகளுக்கு வந்து குருத்துகளைக் குடைந்தது. ஏக்கர் ஏக்கராக ஒரே பயிர். புழுவுக்கு அதைவிட நல்ல விருந்து ஏது? பல பயிர்கள் கலந்து நிற்கும் கொல்லைக்கு இந்த ஆபத்து குறைவு.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2017-இல் மகாராட்டிர மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்தவர்கள் பலர் நஞ்சேறி மாண்டனர். அதே ஆண்டில் பெரம்பலூர்ப் பகுதிப் பருத்திக் காடுகளிலும் மருந்தடித்தவர்கள் பாதிக்கப்பட்டு, உயிரிழப்பும் நேர்ந்தது. பேச்சில் 'மருந்து' என்று சொல்கிறோம். புட்டியில் இருப்பது நஞ்சு. பருத்திக்கென்று விற்கப்படும் நஞ்சை, நாளை மறுநாள் பறித்துக் குழம்பில் போடும் அவரைக்குத் தெளிப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

அசுவினி மிகுந்துவிட்டால் என்ன செய்வது? நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, பாதிக்கப்பட்ட கொத்துகளில் மட்டும் தெளிக்கலாம். வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள், பூச்சி தோலுரித்து வளர்வதைக் கெடுக்கிறது. இலையைத் தின்பவையும் சாற்றை உறிஞ்சுபவையுமே அதைப் பெரிதும் உட்கொள்கின்றன. எனவே காவலர்களுக்குத் தீங்கு குறைவு.

கத்தரிப்பூவும் இசைக்கவையும்

காவலுக்கு வரும் பூச்சிகளைப் பார்த்தோம். கல்யாணத் தரகு செய்யவரும் பூச்சிகளும் உண்டு. பூசணியிலும் சுரையிலும் பீர்க்கிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசேர்க்க ஆள் வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பூசணிப்பூ விடியுமுன் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும்; அதற்குத் தேனீ வரும். பீர்க்கு மாலையில் மலரும். சுரையும் புடலையும் அந்தி சாய்ந்தபின் வெள்ளைப் பூக்களை விரிக்கும். அவற்றுக்கு அந்துப்பூச்சிகள் வரும். ஆகவே காலையில் எதைத் தெளித்தாலும் பூசணிக்குக் கேடு; மாலையில் தெளித்தால் பீர்க்குக்கும் சுரைக்கும் கேடு. வேப்பங்கரைசலைக்கூடப் பூவில் படாமல் தெளிக்கவேண்டும் என்பது இதனால்தான்.

கத்தரிப்பூவின் கதை இன்னும் சுவையானது. அதன் மகரந்தப்பைகள் ஒன்றுசேர்ந்து மஞ்சள் குழாய்போல நிற்கும். நுனியில் மட்டும் சிறு துளைகள். உப்புப்புட்டியைக் குலுக்கினால்தான் உப்பு விழுவதுபோல, இதைக் குலுக்கினால்தான் மகரந்தம் விழும். காற்றசைவில் கொஞ்சம் உதிரும். கருவண்டு எனப்படும் தச்சுத் தேனீயோ இதில் வித்தகன்! பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், மார்புத் தசைகளை மட்டும் அதிரச் செய்யும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிட அப்போது ஒலி உயர்ந்து கேட்கும். அதிர்வெண் பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை. அந்த அதிர்வில் மகரந்தம் புகைபோலக் கொட்டி அதன் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். நாம் தேன் எடுக்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் 256 ஹெர்ட்ஸ் என்று பொறித்த இசைக்கவை இருக்கும். அது இந்த எல்லைக்குள்தானே வருகிறது? காலை வெயில் ஏறியபின், புதிதாக மலர்ந்த கத்தரிப்பூ ஒன்றின் கீழே கறுப்புத் தாளைப் பிடியுங்கள். இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, அதன் ஒரு கவையை மகரந்தக் குழாயின்மீது மெல்லத் தொடுங்கள். தாளில் மஞ்சள் தூள் விழுவதைக் காண்பீர்கள். 384, 512 ஹெர்ட்ஸ் கவைகளாலும் செய்து, எதில் மிகுதியாக விழுகிறது என்று ஒப்பிடுங்கள்.

கருவண்டு, காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு முட்டையிடும். பழைய பந்தல் மூங்கிலை எல்லாம் அடுப்பில் வைத்துவிடாமல் ஒன்றிரண்டைக் கொல்லை மூலையில் விட்டுவைத்தால், அடுத்த ஆண்டுக் கத்தரிக்கு ஆள் சேர்த்தவர்கள் ஆவீர்கள்.

மயிலும் அணிலும்

சிறு விருந்தாளிகளைப் பார்த்தோம். பெரிய விருந்தாளிகள் மயில், கிளி, அணில், குரங்கு ஆகியவை. காட்டை ஒட்டிய ஊர்களுக்குப் புள்ளிமானும் பன்றியும்கூட வரும். மயில் 1963-இல் நம் தேசியப் பறவை ஆயிற்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதற்கு நஞ்சு வைப்பது கடுங்குற்றம். மேலும் மயில் நாற்றையும் மிளகாயையும் கொத்துவதோடு நிற்பதில்லை; வெட்டுக்கிளி, கறையான், புழு, சிறு பாம்பு எல்லாவற்றையும் தின்னும். முற்றிலும் விரட்டினால் அந்த உதவியும் போய்விடும். ஆகவே விரட்டவேண்டிய காலம் எது, விடவேண்டிய காலம் எது என்று பிரித்துக்கொள்ளவேண்டும். விதை முளைத்து நான்கைந்து இலை விடும் வரைதான் பேராபத்து. அதுவரை மூங்கிற்கூடையைக் கவிழ்த்தோ முட்கிளையைப் பரப்பியோ காத்தால் போதும்.

காய்க்கும் பருவத்தில் கிளிக்குப் பளபளக்கும் நாடா கட்டுவார்கள். இதில் நீங்கள் படித்த ஒளியியல் இருக்கிறது. ஆடி ஒரு பாகை திரும்பினால், எதிரொளித்த கதிர் இரண்டு பாகை திரும்பும். காற்றில் நாடா சற்றே முறுக்கினாலும் ஒளிக்கீற்று இரு மடங்கு வேகத்தில் தோட்டத்தைத் துழாவும். எதிர்பாராத அந்த மின்னலுக்குப் பறவை அஞ்சும். ஆனால் நாட்கள் செல்லச் செல்ல, மின்னல் கடிக்காது என்று தெரிந்துகொள்ளும். எனவே நாடாவைக் காய் பழுக்கும் சமயத்தில் மட்டும் கட்டி, அவ்வப்போது இடம் மாற்றவேண்டும். வைக்கோல் பொம்மைக்கும் இதே விதிதான்.

வலை போடுவதானால் கண் சிறியதாக, இழுத்துக் கட்டியதாக இருக்கட்டும். தளர்ந்து தொங்கும் நைலான் வலையில் சாரைப்பாம்பு சிக்கிச் சாகும். எலியைப் பிடிக்கும் பாம்பு போனால் எலி வரும். வேனிலில் அணிலும் கொண்டைக்குருவியும் தக்காளியைக் கொத்துவது பசிக்காக மட்டுமன்று, தாகத்துக்காகவும்தான். செடிகளுக்குத் தள்ளி ஒரு மண்சட்டியில் நீர் வைத்தால் சேதம் குறையும். கொசு முட்டையிடும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றிவிடுங்கள்.

வேலியில் வீட்டு மின்சாரத்தை விடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் வரை குறையக்கூடும். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதில் பாதிகூட இதயத்தை நிறுத்தப் போதும். பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர் மாண்ட செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. இது சட்டப்படியும் குற்றம்.

பறவைகளை விரட்டுவதோடு நில்லாமல், அழைக்கவும் செய்யலாம். செடிகளைவிட உயரமாக 'ட' எழுத்தைத் தலைகீழாக நட்டதுபோல ஒரு குச்சியை நிறுத்தினால், கரிச்சான் அதில் உட்கார்ந்து பாய்ந்து பாய்ந்து பூச்சி பிடிக்கும். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024 ஜனவரியில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் அங்கு வருகின்றன. ஏரிக்குச் சுற்றுப்புற வயல்களின் வடிநீரும் செல்லும். மழை பெய்தால் இலையில் தெளித்தது இலையோடு நிற்பதில்லை என்பதை இதிலிருந்து உணரலாம்.

நீங்கள் செய்து பார்க்க

பந்தலில் பத்துப் பூங்கொத்துகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் வண்ணநூல் கட்டி அடையாளம் செய்யுங்கள். வாரத்துக்கு இருமுறை, காலை ஒரே நேரத்தில், அவற்றில் உள்ள அசுவினிகளையும், பொறிவண்டு, அதன் புழு ஆகியவற்றையும் எண்ணிக் குறியுங்கள். அசுவினி மிகுதியாக இருந்தால் பத்து பத்தாக மதிப்பிட்டால் போதும். பழுப்பாக உப்பியவற்றைத் தனியே எழுதுங்கள். எட்டு வாரங்கள் செய்தபின் வரைபடத் தாளில், நாட்களைக் கிடைக்கோட்டிலும் எண்ணிக்கையைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து இரண்டு வளைகோடுகள் வரையுங்கள்.

அசுவினிக் கோடு முதலில் ஏறும். வண்டுக் கோடு சில நாட்கள் பிந்தி ஏறும். இந்த இடைவெளியே வீட்டில் எல்லோரும் பொறுமை இழந்து மருந்துப் புட்டியைத் தேடும் காலம். உங்கள் பந்தலில் அந்த இடைவெளி எத்தனை நாள் என்பதை உங்கள் வரைபடமே சொல்லும். அதை அம்மாவிடமும் தாத்தாவிடமும் காட்டி, 'இன்னும் இத்தனை நாள் பொறுங்கள்' என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். அத்தனை நாளும் வண்டுக் கோடு ஏறவே இல்லையானால், எறும்புச் சாரை எந்தப் பந்தற்காலில் ஏறுகிறது என்று தேடிப் பாருங்கள்.